வினாவும் வசையும்

பவணந்தி முனிவர் தம் நன்னூலின் சொல்லதிகாரப் பொதுவியலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்துள்ளார். தேர்வுக்குப் படிக்கும் மாணவர் இவ்விரு சூத்திரங்களையும் மனப்பாடம் செய்து, எழுதி, மறந்துவிடுவது வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்த இவ்வகை, இந்நாளில் அரசியல் தலைவரும் செய்தியாளரும் எதிர்ப்பட்டுப் பேசும் களத்திற்கு எத்துணைப் பொருந்துகின்றது என்பதையும், அக்களத்தில் விடை பிறக்கவேண்டிய இடத்தில் வசை பிறக்கும்போது நிகழ்வது யாது என்பதையும், நம் நாட்டில் நடந்த சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய எண்ணுகின்றோம். யாம் எக்கட்சியையும் சார்ந்து எழுதப் புகவில்லை. பின்வரும் எடுத்துக்காட்டுகளில் பல கட்சியினரும் வருதல் அதற்குச் சான்றாகும்.

அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா ஆறாம். ஆசிரியர் தாம் அறிந்ததை மாணவன் அறிவானோ என்று வினவுவது அறிவினா. மாணவன் தான் அறியாததை வினவுவது அறியாவினா. கிடப்பது கயிறோ பாம்போ என்பது ஐயவினா. கடைக்காரரிடம் பருப்பு உண்டா என்பது கொளல்வினா. ஏனைய இரண்டும் நம் பொருளுக்கு வேண்டா.

செய்தியாளர் வினவுவன பெரும்பாலும் அறியாவினாவும் ஐயவினாவுமே. பாலம் எப்பொழுது முடியும்? கூட்டணி உண்டா, இல்லையா? சிலபோது ஆவணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அமைச்சர் ஒப்புவாரோ மறைப்பாரோ என்று பார்ப்பதற்காக வினவுவர், அஃது அறிவினா. அவ்வினா ஆசிரியர் கேட்கும்பொழுதே மாணவனுக்குக் கசக்கும். மாணவன் நிலையில் தலைவர் நிற்க நேர்ந்தால் கேட்கவேண்டுமோ! செய்தியாளர்பாலும் குறை உண்டு. பத்து ஒலிவாங்கிகளை ஒருவர் முகத்தருகே நீட்டி, முன்வினாவிற்கு விடை முடியுமுன் பின்வினாவை எறிந்து, அவர் சினந்து கூறும் ஒரு சொல்லைத் தலைப்பாக்குவதற்கென்றே வினவுவாரும் உளர். விடையை நாடாது சரக்கை நாடும் அதனைக் கொளல்வினா என்றே கூறலாம். இக்குறையை மறைத்தால் எமது ஆராய்ச்சி ஒருதலைப்பட்டதாகும்.

இனி விடை. சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்பன எட்டு. முதல் மூன்றும் நேரிய விடைகள்; பின் ஐந்தும் விடையின் பயனைத் தருவன என்று ஆசிரியர் கொண்டார். இதனுள் இரண்டு செய்திகள் நோக்கத்தக்கன. ஒன்று, மறுத்தலும் நேரிய விடையே. 'இதற்கு இப்பொழுது விடை கூறேன்' என்று சொல்லும் தலைவர் இலக்கணத்தின் கண்ணும் பண்பின் கண்ணும் யாதொரு பிழையும் செய்தவராகார். மற்றொன்று, ஆடுவாயா என்று வினவப் பாடுவேன் என்று கூறும் இனமொழியையும் முனிவர் தள்ளவில்லை. வடிகால் ஏன் தூரெடுக்கப்படவில்லை என்று வினவினால், தம் ஆட்சியில் நடப்பட்ட மரங்களின் எண்ணிக்கையைக் கூறும் அமைச்சர் இம்மரபில் வந்தவரே! இங்ஙனம் தப்பிச் செல்வார்க்கும் இலக்கணம் வாயில் திறந்து வைத்திருக்கின்றது. எட்டு வாயில்கள் இருந்தும் அவற்றுள் ஒன்றிலும் நுழையாது, வினவினான் மேல் பாய்வதே வசை. அது விடைவகையுள் ஒன்பதாவதன்று, விடையின்மை. வினவப்பட்ட பொருளினின்றும் வினவிய ஆளின்மேல் பேச்சைத் திருப்பிவிடுவதே அதன் தொழில்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் சென்னையில் நடந்ததை நினைவு கூர்வோம். அப்போது சட்டமன்றத்தில் தே.மு.தி.க. தலைவராயிருந்த விஜயகாந்திடம், வரும் 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் அ.தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வருமா என்று செய்தியாளர் வினவினர். வராது என்று அவர் மறுத்தார். அவ்வளவில் நின்றிருந்தால் அது முனிவர் கூறிய மறை விடையே. பின்னர், இவ்வாறு முதலமைச்சர் ஜெயலலிதாவிடம் சென்று வினவ உங்களுக்குத் துணிவு உண்டா என்று எதிர்வினா எழுப்பினார். இதனையும் யாம் குறை கூறோம். அக்காலத்துச் செய்தியாளர் முதலமைச்சரை நேரிற்கண்டு வினவும் வாய்ப்பு அரிதாயிருந்தது என்பது யாவரும் அறிந்ததே. அதன்பின் அவர் 'தூ' என்றார். அந்த ஓரெழுத்தே நாடெங்கும் பரவிற்று. செய்தியாளர் கண்டனம் எழுப்பினர், வழக்கும் பதிவாயிற்று. வினாவும் போயிற்று, அவர் எழுப்பிய தகுந்த எதிர்வினாவும் போயிற்று. எஞ்சியது எச்சில் மட்டுமே.

'தூ' என்னும் இவ்வெழுத்து, நம் இலக்கியத்தில் தூய்மை என்னும் பொருளில் வழங்குவது ஒரு வியப்பு. வழக்கில் வரும் 'தூ' அந்தச் சொல்லன்று. உமிழும் ஒலியையே எழுத்தாக்கியது. பெயருமன்று, வினையுமன்று, ஆயினும் இழிவை அது உணர்த்துவதுபோல் வேறொரு சொல்லும் உணர்த்தாது. இதனோடு ஒத்த ஒன்று விவிலியத்தில் உண்டு. மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், மலைப்பிரசங்கத்தில், கொலையைப் பற்றிக் கூறிய உடனே நம் ஆண்டவர் சகோதரனை நோக்கி 'ரக்கா' என்பானைப் பற்றிக் கூறுகின்றார். அச்சொல்லின் பொருள் யாது என்று ஆராய்ந்த தூய அகஸ்தீனார், எபிரெயர் ஒருவரை வினவியதாகவும், அது பொருளுடைய சொல்லன்று, சினந்த மனத்தின் அசைவை வெளியிடும் ஒலியே என்று அவர் கூறியதாகவும் எழுதியுள்ளார். பொருளில்லாத ஓர் ஒலியைக் கொலைக்கு அடுத்து வைத்தது ஏன்? திட்டும் சொல்லுக்குப் பொருள் உண்டெனின், அப்பொருள் பொய் என்று எதிர்த்துரைக்கலாம். உமிழ்வதற்கு எதிர்மொழி இல்லை. எதிரே நிற்பவனைப் பேசத்தகாதவன் ஆக்கிவிடுவதே அதன் கருத்து.

ஒலியை விடுத்து உவமைக்கு வருவோம். 2022ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கடலூரில், அப்போது பா.ஜ.க. மாநிலத் தலைவராயிருந்த அண்ணாமலை, தம்மைச் சூழ்ந்த செய்தியாளரைக் குரங்கு தாவுவதோடு ஒப்பிட்டுப் பேசினார். பத்திரிகையாளர் அமைப்புகள் மன்னிப்புக் கோரச் சொல்லின, அவர் மறுத்தார். உவமையாகக் கூறியதேயன்றி உருவகமாகக் கூறியதன்று, குரங்கு போல் என்பது வேறு, குரங்கு என்பது வேறு என அவர் சார்பில் வாதிப்பாரும் உளர். இலக்கணம் கற்றோர் இவ்வாதத்தைச் சற்று ஆழ்ந்து நோக்கவேண்டும். தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமத்தின் தோற்றமாம் என்றார். தாவுதல் வினை, ஆகவே இது வினையுவமம் என்று கொள்ள இடமுண்டு. ஆயினும், உவமிக்கும் பொருள் உயர்ந்ததாயிருத்தல் வேண்டும் என்றும் அவரே அங்குக் கூறினார். இழிந்ததைக் கொண்டு உவமித்தால் கேட்போர் பொதுத்தன்மை ஒன்றோடு நில்லார். உவமையின் மற்றை இழிவுகளையும் கூட்டிக்கொண்டே கேட்பர். கூறியவர் வினையை மட்டுமே கருதினார் என்று கொண்டாலும், கேட்டவர் வாலையும் சேர்த்தே கண்டனர். 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் தி.மு.க. அமைப்புச் செயலாளர் ஆர். எஸ். பாரதி, தொலைக்காட்சி நிலையங்களை மும்பையில் உடலை விற்கும் தெருவோடு ஒப்பிட்டார். அவர் குறித்தது பணத்துக்காக எதையும் செய்தல் என்னும் பொதுத்தன்மையாயிருக்கலாம். அவ்வுவமை அந்நிலையங்களில் பணிபுரியும் பெண்டிரின் மேல் எவ்வாறு விழும் என்பதை அவர் எண்ணியதாகத் தோன்றவில்லை.

தீயசொல் ஒன்றும் இன்றியே வசை நிகழ்வதும் உண்டு. 2023ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் கோயம்புத்தூரில் ஒரு பெண் செய்தியாளர், மாநிலத் தலைவர் பதவி இல்லையெனினும் கட்சியில் நீடிப்பீர்களா என்று அண்ணாமலையிடம் வினவினார். இவ்வாறு வினவுபவர் யார் என்பதை மக்கள் காணட்டும், இங்கு வந்து என் பக்கத்தில் நில்லுங்கள் என்று அவர் அழைத்தார். இவ்வழைப்பை எழுத்தில் மட்டும் படிப்பவர்க்கு இதில் இழிசொல் ஒன்றும் கிடையாது. எனினும், வகுப்பில் வினாக் கேட்ட மாணவனை எழுப்பிப் பலகை முன் நிறுத்தும் செயலுக்கு யாது பொருளோ, அதுவே இதற்கும் பொருள். இதனைக் கண்ட மற்றை மாணவர் வினவுவரோ?

நிற்க. மேற்கூறிய யாவற்றினும் நீண்டதும், நீதிமன்றம்வரை சென்று முடிவு கண்டதுமாகிய ஒரு நிகழ்ச்சியை இனி விரித்துரைக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், சென்னை ராஜ்பவனில் அப்போதைய ஆளுநர் பன்வாரிலால் புரோகித் செய்தியாளரைச் சந்தித்தார். அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை ஒருவர் மாணவியரைத் தீநெறியில் செலுத்த முயன்றதாக எழுந்த வழக்கைப் பற்றியதே அச்சந்திப்பு. முடிவில் வினவிய ஒரு வாரஇதழின் பெண் செய்தியாளரின் கன்னத்தை ஆளுநர் தட்டினார். கண்டனம் எழுந்தது, மறுநாளே அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். இக்கடிதத்தைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

இக்கிளர்ச்சி அடங்குமுன், நாடக நடிகரும், 2006 முதல் 2011 வரை மயிலாப்பூர்ச் சட்டமன்ற உறுப்பினராயிருந்தவரும், அப்போது பா.ஜ.க.வினருமாகிய எஸ். வி. சேகர், பிறர் எழுதிய ஒரு குறிப்பைத் தம் முகநூலில் பகிர்ந்தார். பெண்கள் செய்தித்துறையில் பணி பெறுவதும் உயர்வதும் கற்பை விற்றே என்பது அக்குறிப்பின் சாரம். அதனை ஈண்டு இதற்குமேல் எடுத்தெழுத விரும்பவில்லை. நம் முன்னோர் அவையில் கூறத்தகாத சொல்லை அவையல் கிளவி என்றும், அதனை மறைத்துக் கூறுவதை இடக்கரடக்கல் என்றும் வகுத்து வைத்ததன் அருமை இத்தகைய இடங்களில்தான் விளங்குகின்றது. செய்தியாளர் திரண்டு போராடினர். அவர் இல்லத்தின்மேல் கல்லும் எறியப்பட்டது. கல்லெறிந்ததை யாம் ஒருகாலும் ஒப்போம். முழுதும் படியாமலே பகிர்ந்துவிட்டதாகவும், உடனே நீக்கிவிட்டதாகவும் கூறி அவர் மன்னிப்புக் கோரினார்.

வழக்கு நடந்தது. முன்பிணை வேண்டிய அவர் மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு மே திங்களில் தள்ளியபோது கூறிய கருத்து ஒன்று மாணவர் அனைவரும் அறியத்தக்கது: பிறர் எழுதியதை மேலனுப்புதல் அதனை ஏற்று ஒப்புவதற்குச் சமம் என்பதே அது. இதனை இலக்கணவழியிற் கூறின், பிறர் கூற்றைக் கொண்டு கூறுவோன் 'என்று' என்னும் சொல்லால் தன்னை அதனின்றும் பிரித்துக்கொள்கின்றான். முகநூலில் பகிர்வோனுக்கு அந்த 'என்று' கிடையாது. 2023ஆம் ஆண்டு ஜூலையில் வழக்கை நீக்க மறுத்த அதே நீதிமன்றம், அனுப்பிய செய்தியை வில்லினின்றும் விடுபட்ட அம்போடு ஒப்பிட்டது, மீளப் பெறுவதற்கில்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள், சென்னையிலுள்ள சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்க்கான தனி நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்தது. நாழிகைப் பொழுதில் பகிர்ந்த ஒரு குறிப்பு ஏறக்குறைய ஏழாண்டுகள் தொடர்ந்தது.

தண்டனையின் அளவைப் பற்றி எமக்குக் கருத்து இல்லை. அக்குறிப்பு எவ்விடத்தில் தைத்தது என்பதே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. ஆரணி என்றவுடன் பட்டு நெய்யும் ஆரணியையே பலரும் எண்ணுவர். யாம் கூறுவது பெரியபாளையத்திற்கு அண்மையில், ஆரணியாற்றங்கரையில், திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள சிற்றூராகிய ஆரணியை. இங்கும், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்களிலும் தந்தையர் வயலிலோ தொழிற்பேட்டையிலோ உழைத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்புகின்றனர். இதழியல் கற்கவேண்டும் என்று ஒரு பெண் வீட்டில் வாய் திறந்தால், பாட்டி முதல் மாமன்வரை அனைவரும் எழுப்பும் முதல் வினா, 'அந்த வேலைக்கெல்லாம் நல்ல குடும்பத்துப் பெண்கள் போவார்களா?' என்பது. அக்குறிப்பு சென்னையிலுள்ள செய்தியாளரைத் திட்டிற்று. ஆனால் அதனைப் படித்து நம்பியோர் இவ்வூர்த் திண்ணைகளில் இருந்தனர். சென்னைச் செய்தியாளர்க்குச் சங்கம் உண்டு, வழக்கறிஞர் உண்டு. விண்ணப்பத் தாளை மடித்து வைத்துவிட்ட பெண்ணுக்கு எந்நீதிமன்றம் உண்டு?

ஊர்ப்புற நிருபரின் நிலையும் இத்தகையதே. பெரியபாளையத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புபவர் பெரும்பாலும் பகுதிநேர நிருபர். வேறு தொழில் ஒன்றை வைத்துக்கொண்டு, அனுப்பும் செய்திக்குச் சிறுதொகை பெறுபவர். ஆலைக் கழிவைப் பற்றியும், ஆற்றுமணலைப் பற்றியும் வினவவேண்டியவர் அவரே. வினவிய மறுநாள் அதே தெருவில், அதே தேநீர்க்கடையில், வினவப்பட்டவருக்கு எதிரே நிற்கவேண்டியவரும் அவரே. தொலைக்காட்சியில் தலைவர் ஒருவர் செய்தியாளரை அதட்டுவதையும் அருகில் நிற்போர் சிரிப்பதையும் கண்ட வட்டச்செயலாளர், தமக்கும் அவ்வுரிமை உண்டென்று கருதிக்கொள்கின்றார். எமது பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கிராமசபையில், குடிநீர்த் தொட்டி கழுவப்பட்டதா என்று வினவிய ஒரு முதியவளுக்கு, 'உனக்கு எந்தக் கட்சி காசு கொடுத்தது?' என்பதே மறுமொழியாக வந்ததைக் கேட்டிருக்கின்றோம். இச்சொற்றொடர் அவ்வூரில் பிறந்ததன்று.

சொல்லால் புண்படும் உரிமை தமக்கே உண்டு என்று அரசியலார் கருதிய காலங்களும் நம் நாட்டில் உண்டு. 1987ஆம் ஆண்டு ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படம் சட்டமன்ற உறுப்பினரை இழிவுபடுத்திற்று என்று, அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு மிகவே சில நாட்களில் விடுவித்தது. 2003ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், முதலமைச்சரின் சட்டமன்றப் பேச்சை வருணிக்கக் கையாண்ட சில கடிய சொற்களுக்காகவும் ஒரு தலையங்கத்திற்காகவும், தி இந்து நாளிதழைச் சார்ந்த ஐவர்க்கும், அத்தலையங்கத்தைத் தமிழில் வெளியிட்ட முரசொலி ஆசிரியர்க்கும் பதினைந்து நாட்சிறை விதித்தது. மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. அவ்விரு நாளேடுகளும் பயன்படுத்திய சொற்களுள், மேலே யாம் கண்ட குரங்குக்கோ எச்சிலுக்கோ இணையானது ஒன்றும் இல்லை என்பதை ஒப்புநோக்குவோர் உணர்வர்.

இனி மன்னிப்பின் இலக்கணம். வசை மொழிந்தபின் தலைவர்கள் வெளியிடும் அறிக்கைகளில் ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வருகின்றது: 'என் பேச்சு யார் மனத்தையாவது புண்படுத்தியிருந்தால் வருந்துகின்றேன்.' 'இருந்தால்' என்பது நிபந்தனைப் பொருளில் வரும் எதிர்கால வினையெச்சம். புண்பட்டது இன்னும் ஐயத்திற்குரியது. பட்டவர் இன்னார் என்பதும் தெரியாது. புண்படுத்தியதும் பேச்சேயன்றிப் பேசியவர் அல்லர். இறந்தகாலத்தில் தன்மை ஒருமையில் 'தவறு செய்தேன்' என்று முடியவேண்டியதை, எழுவாயை மாற்றி, காலத்தை மாற்றி, செயப்படுபொருளை மறைத்து எழுதும் திறம் வியக்கத்தக்கது. 'வருந்துகின்றேன்' என்பதோ, அண்டைவீட்டார்க்குக் காய்ச்சல் என்று கேட்டாலும் கூறத்தக்க சொல்.

இவ்வகையில் ஆளுநர் எழுதிய கடிதம் ஏனையவற்றினும் மேலானது என்பதை ஒப்பவேண்டும். நிபந்தனை கூட்டாது, இன்னாரிடம் என்று குறித்து, மறுநாளே அவர் மன்னிப்புக் கோரினார். அவ்வினா நல்ல வினாவென்று தமக்குப் பட்டதாகவும், அதனைப் பாராட்டும் வகையில், பெயர்த்தி போலக் கருதியே கன்னத்தைத் தட்டியதாகவும் காரணம் எழுதியிருந்தார். மன்னிப்பை ஏற்பதாகவும், காரணத்தை ஏற்க இயலவில்லை என்றும் அச்செய்தியாளர் மறுமொழி அளித்தார். தாம் வினவியதற்கு விடையாகவே ஆளுநர் கன்னத்தைத் தட்டினார் என்பது அவர் முதலில் வெளியிட்ட முறையீடு. நல்ல வினா என்று பாராட்டப்பட்ட அவ்வினாவிற்கு, அந்தக் கடிதத்திலும் விடை இருக்கவில்லை.